அடையாற்றில் வாழ்ந்த அமெரிக்கப் போர்வீரர்

போர்வீரர் என்றதும் கொங்கு நாட்டுப் பெண்களாகிய நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர் தீரன் சின்னமலைதான். ஓடாநிலையில் கோட்டை கட்டி ஆங்கிலேயரை எதிர்த்து நின்று, 1805-ஆம் ஆண்டு சங்ககிரியில் தூக்குமேடை ஏறிய அவருடைய கதையைச் சிறு வயது முதலே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இக்கட்டுரைக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட போர்வீரர் நம் நாட்டில் பிறந்தவர் அல்லர். அவர் அமெரிக்காவில் பிறந்தவர். அங்கு நடந்த உள்நாட்டுப் போரில் பணியாற்றியவர். பின்னர் நம் தமிழகத்திற்கு வந்து, 24 ஆண்டுகள் அடையாற்றைத் தம் இல்லமாகக் கொண்டு, அங்கேயே உயிர் நீத்தவர். அவர்தாம் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட்.

இவரைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு வரலாற்று வகுப்பில் தோன்றியது. அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய பாடம் முடிந்ததும் சிஸ்டர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். எங்கோ நடந்த இந்தப் போருக்கும் நம் ஊருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்பதே அக்கேள்வி. நாங்கள் சிரித்துவிட்டோம். அமெரிக்கா எங்கே, கோயமுத்தூர் எங்கே! ஆனால் நூலகத்தில் தேடியபோது எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

1861 முதல் 1865 வரை நடந்த அப்போரின் அடிவேரில் இருந்தது அடிமை முறை. அன்று அந்நாட்டில் ஏறத்தாழ 40 இலட்சம் நீக்ரோ மக்கள் அடிமைகளாக இருந்தனர். தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளில் அவர்கள் கைகள் பறித்த பஞ்சுதான் கப்பலேறி இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குச் சென்றது. போர் மூண்டதும் வட மாநிலங்களின் கப்பற்படை தென்னாட்டுத் துறைமுகங்களை அடைத்துவிட்டது. பஞ்சு வரத்து நின்றது. லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டு, அங்குள்ள தொழிலாளர்கள் பட்டினி கிடந்தனர். ஆங்கிலேய வணிகர்கள் இந்தியப் பஞ்சைத் தேடி ஓடிவந்தனர். நம் மாவட்டத்துக் கரிசல் மண்ணில் விளைந்த உப்பம் பருத்திக்கும் திடீரென்று நல்ல விலை கிடைத்தது. 1862-ஆம் ஆண்டு ரயில் பாதையும் போத்தனூருக்கு வந்தது. போர் முடிந்ததும் விலை சரிந்தது; நம்பிப் பயிரிட்ட குடியானவர்கள் பலர் கடனில் விழுந்தனர்.

அதற்கும் முன்பே, 1842-ஆம் ஆண்டு முதல் தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட் என்பவர் கோயமுத்தூரில் தங்கி, அமெரிக்கப் பருத்தியை இங்கு விளைவிக்க அரசாங்கத் தோட்டங்களில் முயன்றார். அவருக்குத் துணையாக அமெரிக்கத் தோட்டக்காரர்களும் அழைத்துவரப்பட்டனர். ஆகவே அந்த நாட்டுக்கும் நம் ஊருக்கும் பஞ்சு நூலால் ஓர் உறவு அன்றே ஏற்பட்டுவிட்டது. 1888-ஆம் ஆண்டு இங்கே முதல் நூற்பாலை தோன்றியதும், பின்னர் நம் பாட்டன்மார் பலர் ஆலைத் தொழிலாளராக ஆனதும் அதன் தொடர்ச்சியே. இவற்றைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அப்போரில் பணிபுரிந்த ஒருவர் நம் மாநிலத்திலேயே வாழ்ந்து மறைந்தார் என்ற செய்தி எங்கள் கண்ணில் பட்டது.

ஆல்காட் 1832-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2-ஆம் நாள் நியூஜெர்சி மாநிலத்தில் ஆரஞ்சு என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் பக்தி மிக்க பிரஸ்பிட்டேரியன் சபைக் கிறிஸ்தவர்கள். நியூயார்க்கில் கல்லூரியில் சேர்ந்த அவரால் படிப்பை முடிக்க இயலவில்லை. 1851-ஆம் ஆண்டு தந்தையின் வியாபாரம் நொடித்துப்போனதால் படிப்பை விட்டுவிட்டு, ஒஹாயோ மாநிலத்திற்குச் சென்று உறவினரோடு பண்ணை வேலையில் ஈடுபட்டார். பணமில்லாமல் படிப்பு நின்றுபோகும் துயரம் எப்படிப்பட்டது என்பதை அந்த வயதிலேயே அவர் அறிந்துகொண்டார்.

ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. உழவுத் தொழிலையே கல்வியாகக் கொண்டு ஆராய்ந்தார். சாறு பிழிந்து பாகு காய்ச்சுவதற்கு ஏற்ற சோள வகைகளைப் பற்றி 1857-ஆம் ஆண்டு ஒரு நூல் எழுதினார். பிறகு நியூயார்க் டிரிபியூன் என்ற நாளிதழில் விவசாயப் பகுதியின் ஆசிரியரானார். 1859-ஆம் ஆண்டு டிசம்பரில், அடிமைகளை விடுவிக்க ஆயுதம் ஏந்திய ஜான் பிரௌன் என்பவர் வர்ஜீனியாவில் தூக்கிலிடப்பட்டார். அடிமை முறையை எதிர்த்த அந்தப் பத்திரிகையின் ஆட்களை அங்குள்ளோர் அருகில் அணுகவிடமாட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும், தாம் யார் என்பதை மறைத்து அங்கே சென்று, அக்காட்சியைக் கண்டு எழுதியவர் ஆல்காட்.

போர் தொடங்கியதும் அவர் வட மாநிலங்களின் படையில் சேர்ந்தார். தளபதி பர்ன்சைடின் கீழ் வட கரோலினாவில் நடந்த போர்களில் சைகைப் படைப்பிரிவில் பணியாற்றினார். தொலைவிலுள்ள படைகளுக்குப் பகலில் கொடிகளாலும் இரவில் தீப்பந்தங்களாலும் செய்தி அனுப்புவது அப்பிரிவின் வேலை. அங்கே கடும் வயிற்றுக்கடுப்பால் பீடிக்கப்பட்டு அவர் திரும்ப நேர்ந்தது. ஆனால் உடல் தேறியபின் அவரிடம் வேறு ஒரு போர் ஒப்படைக்கப்பட்டது.

போர்க் காலத்தில் கொள்ளை இலாபம் தேடுவோர் எங்கும் உண்டு அல்லவா? படைக்கு உணவும் உடையும் தருவதாகச் சொல்லி, பொய்க் கணக்கு எழுதி அரசாங்கப் பணத்தைச் சுருட்டிய ஒப்பந்தக்காரர்கள் பலர் இருந்தனர். அவர்களைக் கண்டுபிடிக்கும் தனி விசாரணை அதிகாரியாக ஆல்காட் நியமிக்கப்பட்டார். மிரட்டலுக்கு அஞ்சாமலும் கையூட்டுக்கு மயங்காமலும் அவர் அவ்வேலையைச் செய்தார். கர்னல் என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது இப்பணியால்தான். 1865-ஆம் ஆண்டு ஏப்ரலில் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அக்கொலை பற்றிய விசாரணையிலும் அவர் பங்கேற்றார். ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் உயிரைக் குடித்த அப்போர் முடிந்து, அதே ஆண்டு டிசம்பரில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

பின்னர் அவர் வழக்கறிஞரானார். நல்ல வருவாயும் பெயரும் கிடைத்தன. ஆனால் மனம் அமைதி பெறவில்லை. 1874-ஆம் ஆண்டு ஆவி உலகச் செய்திகளை ஆராயச் சென்ற இடத்தில் ரஷ்ய நாட்டைச் சேர்ந்த பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். 1875-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் நாள் நியூயார்க்கில் பிரம்மஞான சபை முறையாகத் தொடங்கியது. அதன் முதல் தலைவர் ஆல்காட். தம் வாழ்நாள் முடியும்வரை அவரே தலைவராக இருந்தார். 1879-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இருவரும் பம்பாய் வந்து இறங்கினர். 1882-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை அடையாற்று ஆற்றங்கரையில் 27 ஏக்கர் தோட்டத்தோடு கூடிய மாளிகைக்குச் சபை குடிபெயர்ந்தது. 1886-ஆம் ஆண்டு அங்கே அவர் நிறுவிய அடையாறு நூலகம், அரிய ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்துக் காத்தது.

அவர் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தவர் அல்லர். மாட்டுவண்டியிலும் படகிலும் ரயிலிலும் நம் நாடு முழுவதும் சுற்றினார். 1883-ஆம் ஆண்டு உதகமண்டலத்தில் சில நாட்கள் தங்கிவிட்டுக் கோயமுத்தூருக்கும் வந்தார். அந்நாளில் மலை ரயில் கிடையாது. மேட்டுப்பாளையம் வரைதான் ரயில் உண்டு. அமெரிக்காவின் போர்க்களத்தில் கொடியசைத்தவர் நம் ஊர்த் தெருக்களிலும் நடந்தார் என்று எண்ணும்போது எங்களுக்கு மெய்சிலிர்க்கிறது.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். இக்கட்டுரையைத் தொடங்கியபோது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் எழுந்தது. ஆல்காட் கிறிஸ்தவ மறையை விட்டவர். 1880-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் இலங்கையில் காலி நகரில் பௌத்த சமயத்தைத் தழுவியவர். பாதிரிமார் நடத்திய பள்ளிகளுக்கு எதிராகவே அங்கே பௌத்தப் பள்ளிகளை எழுப்பியவர். 1883-ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் நம் கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்கும் இடையே கலகம் மூண்டது. அதன்பின் மறு ஆண்டு பௌத்தர்களின் சார்பில் இலண்டனுக்குச் சென்று வாதாடியவரும் அவரே. அதன் பயனாக 1885 முதல் அங்கே வைசாகப் பௌர்ணமி விடுமுறை நாளாயிற்று. இப்படிப்பட்டவரைப் பற்றிக் கன்னியர் மடத்துப் பள்ளி ஆண்டு மலரில் எழுதலாமா என்று எங்களில் சிலர் கேட்டனர். அவருடைய சபையில் பேசப்பட்ட அற்புதங்கள் போலியானவை என்று அந்நாளிலேயே குற்றச்சாட்டு எழுந்ததையும் அவர்கள் எடுத்துக் காட்டினர். அவற்றை நாங்களும் நம்பவில்லை.

விடை தெரியாமல் சிஸ்டரிடம் சென்றோம். அவர்கள் எங்களுக்குப் பதில் சொல்லவில்லை. அவர் அடையாற்றில் என்ன செய்தார் என்று முதலில் படியுங்கள், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

படித்தோம். அந்நாளில் தாழ்த்தப்பட்ட மக்களைப் பஞ்சமர் என்று அழைத்தனர். நால்வகைச் சாதிக்கும் புறம்பான ஐந்தாமவர் என்பது அதன் பொருள். சட்டம் என்னவோ எல்லோருக்கும் பள்ளியைத் திறந்துவிட்டிருந்தது. ஆனால் நடைமுறையில் அக்குழந்தைகள் வாசலைத் தாண்ட முடியவில்லை. அடையாற்று மாளிகையைச் சுற்றியிருந்த குடிசைகளிலும் அத்தகைய குழந்தைகள் எழுத்தறியாமல் வளர்ந்தனர். அடிமைகளின் விடுதலைக்காக நடந்த போரில் நின்ற ஒருவருடைய கண்ணில் இந்தக் காட்சி படாமல் போகுமா? 1894-ஆம் ஆண்டு அக்குழந்தைகளுக்காகத் தம் இருப்பிடத்தின் அருகிலேயே ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் பள்ளிகள் தோன்றின. அவர் வாழ்நாளிலேயே சென்னையில் இத்தகைய பள்ளிகள் ஐந்தாயின. அவற்றுள் ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயரையே சூட்டினர். 1899-ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்த பால்மர் என்னும் பெண்மணி அப்பள்ளிகளை மேற்பார்வையிட்டார்.

இவ்வேலை எளிதாக இருந்திருக்காது. சபையின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் உயர்ந்த சாதியினர். வேதாந்தம் பேசுவதற்கு அவரோடு அமர்ந்தவர்கள் எல்லோரும் இந்தப் பள்ளிக்கு உதவிட முன்வந்துவிடவில்லை. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. 1902-ஆம் ஆண்டு இம்மக்களின் நிலையை விளக்கி ஒரு சிறு நூல் வெளியிட்டுப் பல நாடுகளிலும் பொருளுதவி கேட்டார்.

அதற்கு முன்பே, நீலகிரியில் பல ஆண்டுகள் வாழ்ந்த சித்த மருத்துவரும் தமிழறிஞருமான அயோத்திதாசப் பண்டிதர் அவரைத் தேடி வந்தார். தம் மக்களின் விடுதலைக்குப் பௌத்தமே வழி என்று அவர் கருதினார். 1898-ஆம் ஆண்டு பண்டிதரை ஆல்காட் இலங்கைக்கு அழைத்துச் சென்றார். அங்கே பஞ்சசீலம் பெற்றுத் திரும்பிய பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-ஆம் ஆண்டு ஒரு பைசாத் தமிழன் என்ற வார இதழையும் தொடங்கினார். அயல்நாட்டார் ஒருவர் வந்து நம்மவரை எழுப்பினார் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. நம்மவரே எழுந்து நின்றார், வந்தவர் கைகொடுத்தார்.

இதைப் படித்து முடித்த அன்று எங்கள் வகுப்பில் விடுதியில் தங்கிப் படிக்கும் தோழி ஒருத்தி தன் பாட்டியைப் பற்றிச் சொன்னாள். பாட்டிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வருமாம். ஆனால் பள்ளிக்குள் உட்கார்ந்து படித்ததில்லையாம். வெளியே மரத்தடியில் நின்று, உள்ளே மற்றப் பிள்ளைகள் உரக்கச் சொல்வதைக் கேட்டு, மண்ணில் குச்சியால் எழுதிப் பழகினாராம். இதை அவள் அழாமல் சொன்னாள். நாங்கள்தாம் தலைகுனிந்து நின்றோம். மூன்றாண்டுகளாக ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கிறோம். ஒரே டிபன் டப்பாவில் கைபோட்டுச் சாப்பிட்டிருக்கிறோம். ஆனால் அவள் இதை எங்களிடம் சொல்ல இத்தனை காலம் ஆயிற்று. எங்களில் சிலருடைய வீடுகளில் வேலைக்கு வருவோருக்குத் தனி டம்ளர் வைத்திருப்பது அப்போதுதான் எங்கள் நினைவுக்கு வந்தது. அடிமை முறை கொடியது என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதும் நாங்கள், அந்த டம்ளரைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை.

அன்றுதான் எங்கள் வாக்குவாதம் முடிந்தது. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கி எடுத்தவன் யூதரால் வெறுக்கப்பட்ட சமாரியன் என்று நம் ஆண்டவர் கதை சொல்லவில்லையா? குருவும் லேவியனும் விலகிப் போனார்கள், வேற்றான் நின்றான். 1965-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் பொதுச் சங்கமும் பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று தெளிவாக்கியது. ஆல்காட்டின் கொள்கைகளை நாங்கள் ஏற்கவில்லை. நம் மறைபரப்பாளர் கல்விக்காக ஆற்றிய தொண்டை அவர் முழுவதும் உணரவில்லை என்றும் எங்களுக்குத் தோன்றுகிறது. எனினும் எழுத்தறியாக் குழந்தைக்கு எழுத்தறிவித்தவரை எங்களால் அயலார் என்று ஒதுக்க முடியவில்லை.

1906-ஆம் ஆண்டு கடற்பயணத்தின்போது கீழே விழுந்து காயமுற்ற ஆல்காட், அதன்பின் உடல்நலம் குன்றினார். 1907-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் அடையாற்றில், தம் 74-ஆம் வயதில் காலமானார். அவர் உடலின் மீது இரண்டு கொடிகள் போர்த்தப்பட்டன. ஒன்று அவர் இளமையில் எந்த நாட்டிற்காகப் போரிட்டாரோ அந்த அமெரிக்காவின் கொடி. மற்றொன்று இலங்கையில் அவர் யோசனையையும் கேட்டு உருவாக்கப்பட்ட பௌத்தக் கொடி. அன்றே அத்தோட்டத்தில் அவர் உடல் தகனம் செய்யப்பட்டது. கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தின் எதிரே அவருக்குச் சிலை உண்டு. சென்னை பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்புத் தோழியரே, போர் நான்கு ஆண்டுகளில் முடிந்துவிட்டது. ஆனால் ஒரு மனிதனை மற்றவன் தாழ்வாக எண்ணும் கொடுமைக்கு எதிரான போர் முடியவில்லை. அதற்குத் துப்பாக்கி வேண்டாம், வீட்டிலிருந்தே தொடங்கலாம். இக்கட்டுரையை எழுதிய வாரத்தில் எங்களில் நால்வர் தத்தம் வீட்டில் அந்தத் தனி டம்ளரைப் பற்றிப் பேசினோம். இரண்டு வீடுகளில் அது அடுக்களைக்குள்ளேயே மற்ற டம்ளர்களோடு சேர்ந்துவிட்டது. ஒரு வீட்டில் திட்டு விழுந்தது. மற்றொரு வீட்டில் அம்மா ஒன்றும் சொல்லாமல் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் காத்திருக்கிறோம், மறுபடியும் கேட்போம்.

வாழ்க கல்வித் தொண்டு! வளர்க மனித நேயம்!